பாலிசி யார் பேரில்? இங்கிலாந்துச் சட்டத்தில் காப்பீட்டு நலன்

பிரீமியம் ஒழுங்காகக் கட்டினால் மட்டும் இன்சூரன்ஸ் பணம் கிடைத்துவிடாது. அந்தப் பொருளோடு சட்டம் ஒப்புக்கொள்ளும் சம்பந்தம் உங்களுக்கு இருக்க வேண்டும். இதைத்தான் காப்பீட்டு நலன் என்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் கப்பல் மீதும், முன்பின் தெரியாதவர் உயிர் மீதும் பாலிசி எடுத்துப் பந்தயம் கட்டினார்கள். அதை அடக்கத்தான் கப்பலுக்கு 1745லும் உயிருக்கு 1774லும் சட்டம் வந்தது.

சரி, எவ்வளவு சம்பந்தம் இருந்தால் போதும்? 1806இல் லூசினா எதிர் கிராஃபர்ட் வழக்கில் நீதிபதிகளே இரண்டு பக்கமாகப் பேசினார்கள். பொருள் அழிந்தால் நட்டம், பத்திரமாக இருந்தால் ஆதாயம் என்ற நிலையில் ஒருவர் இருந்தால் போதும் என்றார் நீதிபதி லாரன்ஸ். எல்டன் பிரபு ஒப்பவில்லை. அந்தப் பொருளில் உரிமை வேண்டும், இல்லாவிட்டால் அதைப் பற்றிய ஒப்பந்தத்திலிருந்து வரும் உரிமையாவது வேண்டும் என்றார். பின்னாளில் ஓங்கி நின்றது எல்டன் சொன்னதுதான்.

அதன் கடுமை தெரிய மக்காரா வழக்கைப் பார்க்க வேண்டும். வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் மக்காராவுக்கு ஒரு எஸ்டேட். அங்கிருந்த மரங்களை ஒரு கம்பெனிக்கு விற்று, விலைக்குப் பதிலாகப் பங்குகள் வாங்கிக்கொண்டார். பங்கு முழுவதும் அவரிடமும் அவருடைய பினாமிகளிடமும்தான். கம்பெனி அவருக்கு 19,000 பவுண்டு கடனும் வைத்திருந்தது. ஆனால் மரத்துக்கான பாலிசிகளை எடுத்தது அவர் சொந்தப் பேரில். 1922 பிப்ரவரியில் மரம் எரிந்தது. 1925இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு ஒரு பைசாகூடக் கிடையாது என்றது. மரம் கம்பெனியின் சொத்து; பங்குதாரருக்கு அதில் உரிமை இல்லை, ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவருக்கும் இல்லை. உண்மையில் நட்டம் முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது! சூதாட்டத்தைத் தடுக்க வந்த விதி சூதாடாதவரையே மடக்கியது என்றுதான் எனக்குப் படுகிறது. இதே சிக்கலில் மாட்டிய ஒரு தோல்பொருள் கடைக்காரருக்கு, கனடா உச்ச நீதிமன்றம் 1987இல் மக்காரா தீர்ப்பைப் பின்பற்ற மறுத்துப் பணம் கொடுக்கச் சொன்னது.

ஆகவே கம்பெனியின் சொத்துக்குக் கம்பெனி பேரிலேயே பாலிசி எடுக்க வேண்டும். சொத்தை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் நலன் உண்டு.

வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியது பிரெஸ்டன் வழக்குகள். ஒப்பந்தம் போட்டாயிற்று, பத்திரம் முடியவில்லை, இடையில் தீ. விற்றவரான பிரெஸ்டனுக்கு இன்சூரன்ஸ் 330 பவுண்டு கொடுத்தது. முழு விலையும் கட்டிய வாங்குபவர் அந்தப் பணத்தைக் கேட்டார். அது விற்றவர் பாலிசி, உங்களுக்குச் சேராது என்று 1881இல் தீர்ப்பானது. அப்புறம் 1883இல், விற்றவர் கைக்கு முழு விலையும் வந்தபின் அவருக்கு ஏது நட்டம் என்று சொல்லி, அந்த 330 பவுண்டை இன்சூரன்ஸ்காரரிடமே திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே வாங்குபவருக்கும் காப்பீட்டு நலன் உண்டு. அன்றே தன் பேரில் ஒரு பாலிசி எடுத்திருந்தால் அவருக்குப் பணம் கிடைத்திருக்கும்.