பச்சையாக இருந்தால் போதுமா? தீவனத்தையும் பரிசோதியுங்கள்

மழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் தருமபுரி மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன அழைப்பு இது: "சோளக்காட்டுல பூந்து மேஞ்ச மாடு மூச்சு வாங்குது சார், சீக்கிரம் வாங்க." வாடி நிற்கும் இளம் சோளப்பயிரிலும், அறுத்த கட்டையில் மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் துரின் என்ற பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்றதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளியாகிறது. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றிக் காப்பாற்றலாம்தான். ஆனால் அவகாசம் நிமிடக் கணக்கில். பல நேரம் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வேதனை என்னவென்றால், இதை முன்கூட்டியே கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நசுக்கிய இலையைக் குப்பியில் போட்டு, பிக்ரிக் அமிலமும் சோடியம் கார்பனேட்டும் தோய்த்த மஞ்சள் தாளை உள்ளே தொங்கவிட்டு, மூடி இளஞ்சூட்டில் வைப்பார்கள். சயனைடு இருந்தால் தாள் செங்கல் நிறமாகிவிடும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக்கூடியது. அதனால் இது ஆய்வகத்தில் செய்யவேண்டிய வேலை, வீட்டில் முயலக்கூடாது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு கால்நடை மருந்தகத்திலாவது இந்த வசதி இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சத்துக் கணக்குக்கு வேறு கருவிகள் உண்டு. கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லில் ஏறத்தாழ எண்பது சதவீதம் தண்ணீர்தான். அதனால் முதலில் வெப்ப அடுப்பில் உலர்த்தி எடை பார்ப்பார்கள். அப்புறம் கெல்டால் கருவியில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரத அளவு வரும். நமக்குப் பக்கத்தில், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம் ஒரு கைப்பிடி அறுத்துக் கொடுத்தால் அது வரப்போரத்துப் புல்லின் கணக்கு மட்டுமே. வயலில் பல இடங்களில் அறுத்து, நறுக்கிக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுங்கள். சத்துப் பரிசோதனைக்கு நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுக்கலாம். பாலித்தீன் பையில் ஈரப்புல் புளித்துவிடும். சயனைடு பரிசோதனைக்கு மட்டும் உலர்த்தவே கூடாது. உலரும்போது நஞ்சு ஆவியாகிப் போய், இல்லாதது போலக் காட்டும். அந்த மாதிரியை அறுத்தவுடன் இறுக மூடிய டப்பாவில், ஐஸ் வைத்து, அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

முடிவு வரும்வரை, வாடிய சோளத்தில் மாட்டை, அதுவும் பசியோடு இருக்கும் மாட்டை, அவிழ்த்துவிடாதீர்கள். பாதிப் பயிராவது பூத்த பிறகு அறுங்கள். அதுவரை ராகித்தாள் போட்டுச் சமாளிக்கலாம்.