செட்டில்மெண்ட் எழுதும் முன் அந்த ஒரு வரி

எங்கள் கோத்தகிரிப் பக்கம் வயதானதும் தேயிலைத் தோட்டத்தையும் வீட்டையும் பிள்ளை பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாசம்தான், தப்பில்லை. ஆனால் பத்திரம் பதிவானதோடு சொத்து கைமாறிவிடுகிறது, அப்புறம் மனசு மாறினால் நாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது என்பது பலருக்கும் சோறு தண்ணிக்குக் கஷ்டம் வந்த பிறகுதான் தெரிகிறது.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று உண்டு. 60 வயது ஆனவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்றால் பயப்பட வேண்டாம், ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ்தான் (வண்டி லைசென்ஸ் தரும் ஆபீஸ் இல்லை), நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று ஊரிலும் இருக்கிறது. எங்கே போவதென்று புரியாவிட்டால் 14567 முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான். நிபந்தனை இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் 23-வது பிரிவு உதவாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. இருந்தாலும் தள்ளாத வயதில் வழக்கு நடத்தி நிரூபிக்கிற பாடு எதற்கு? ‘என் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருப்பேன், சாப்பாடு, மருத்துவச் செலவு எல்லாம் மகன் பார்க்க வேண்டும்’ என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் ‘அதெல்லாம் தேவையில்லைம்மா’ என்று சொன்னாலும் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் பலருக்கு உயிலே போதும். உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். சொத்து கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். கூடலூரில் ஜென்ம நிலத்தில், அதாவது ஜமீன் மாதிரி பழைய ஜென்மி உடைமையாக இருந்த நிலத்தில், பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு இல்லாத உரிமை உயில் வழியாகப் பிள்ளைக்குப் போகாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிற வீட்டில் ‘அண்ணன் பார்த்துக்குவான்’ என்று எல்லாவற்றையும் மூத்தவன் பேருக்கு எழுதிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. பார்வையில்லாதவரும் நடக்க முடியாதவரும் தன் பேரில் சொத்து வைத்து தானே கையெழுத்துப் போடலாம், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப்பூர்வக் காப்பாளர் நியமிக்கலாம். 18 வயது முடிந்ததும், பெற்றவர் என்பதாலேயே நீங்கள் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள், நீங்களும் விண்ணப்பிக்க வேண்டும். முடிவெடுப்பது கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு. அப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். வெறும் வாய்வார்த்தையை நம்பி விட்டுப்போனால் அண்ணனிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்க முடியாது.