பி.பி. பார்ப்பதற்கு முன்னால் 5 நிமிடம்

காட்பாடியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வைத்தியம், "சும்மா உட்காருங்க" என்பது. பலருக்கும் அது கசப்பு மருந்தாகத்தான் இருக்கிறது.

போன கோடையில் ஒருவர் வந்தார். ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே கையை நீட்டிவிட்டார். "பி.பி. மட்டும் பாத்துடுங்க சார், ஷிஃப்டுக்கு நேரமாச்சு." பார்த்தேன். 158/98. மாத்திரை எழுதப் போகிறேன் என்று அவரே முடிவு செய்து, எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார். நான் எழுதவில்லை. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க, பேசாமல் 5 நிமிடம் உட்காரச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்திலேயே கை சட்டைப் பையில் போனைத் தேடியது. அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தேன். மறுபடி பார்த்தபோது 136/84.

"மெஷின்ல கோளாறா சார்?"

மெஷின் சரியாகத்தான் இருந்தது. ஓடி வந்தாலும், பேசிக்கொண்டிருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், அரை மணி நேரத்துக்குள் டீயோ சிகரெட்டோ உள்ளே போயிருந்தாலும் அளவு ஏறிக் காட்டும். அதனால்தான் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு என்று முத்திரை குத்தக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. தொழிலுக்கு வந்த புதிதில், வெளியே இருக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, வந்தவர் உட்காரும் முன் பட்டையைச் சுற்றியவன் நான். அப்படிப் பார்த்த ஓர் அளவை நம்பி ஒரு பெரியவருக்கு மாத்திரையைக் கூட்டிவிட்டேன். இரண்டு நாளில் தலைசுற்றல் என்று திரும்பி வந்தார். அவசரம் அவருடையதல்ல, என்னுடையது.

அந்த 5 நிமிடத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது லேசாக வேகமெடுக்கும், விடும்போது தணியும். இதயத்தைத் தணிக்கும் வேலையைச் செய்வது வேகஸ் என்ற நரம்பு. (பெயரில் வேகம், வேலையோ வேகத்தைக் குறைப்பது!) மூச்சை நிதானமாக வெளியே விட்டால் அந்த நரம்புக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். மனசுக்குள் விநாடிக்கு ஒன்றாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விட்டால் அது 6 தடவையாகிவிடும். அடக்கி வைக்க வேண்டாம், தம் கட்ட வேண்டாம்.

சரி, இதற்கு நேரம் எங்கே? விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறவரிடம் "நிதானமாக வாழுங்கள்" என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து வரும் ஓர் ஆயா இதை முகத்துக்கு நேராகவே சொன்னார். பீடி சுற்றுகிறவர். நாள் முழுக்க மடியில் முறத்தோடு உட்கார்ந்தேதான் இருக்கிறார். ஆனால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே மனசும். "நான் குந்தினுதான கீறேன் டாக்டரு, இன்னும் இன்னா குந்தறது?" அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, உட்கார்ந்திருப்பதும் ஓய்வும் ஒன்றல்ல என்று. கூலி குறையாத இடத்தில்தான் நிதானத்தை நுழைக்க முடியும். சோறு கொதிக்கும் நேரம், ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். இப்போது இந்த இடைவெளிகளையெல்லாம் போன் எடுத்துக்கொண்டுவிட்டது. வேலூர்க் கோட்டை அகழி ஓரம் காலையில் நடக்கிறவர்களில்கூட பாதிப் பேர் எத்தனை அடி ஆச்சு என்று பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓயாத படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், வலி என்றால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே அவசரம்தான் வேண்டும்.

ஆயா அடுத்த மாதம் வந்தார். ஒரு கட்டு முடிந்ததும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு நாலைந்து மூச்சு விடுகிறாராம். "கணக்குல கொஞ்சம் கொறையுது" என்றார். குறையத்தான் செய்யும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில் கையை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவும்போது, இரண்டு மூச்சை முழுசாக விட்டுப் பார்க்கிறேன். வெளியே கம்பவுண்டர் கதவைத் தட்டுவார். "சார், அடுத்தவங்கள அனுப்பலாமா?"