கணியன் பூங்குன்றனார் சமரசக் கவிஞரா?

இந்த வருஷம் காரைக்குடிப் பக்கம் மூன்று கூட்டங்களில் கேட்டுவிட்டேன், கணியன் பூங்குன்றனார் 'சமரசக் கவிஞர்' என்று. ஆங்கிலத்தில் reconciliation என்கிறார்களே, பகை தீர்ந்து மறுபடி சேர்வது, அதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். பழைய பூங்குன்றம் நம்ம மகிபாலன்பட்டிதான் என்கிறோம், அப்படியானால் நம்ம ஊர்க்காரருக்கு இந்தப் பட்டம் வேண்டாம்.

சமரசம் வடசொல், சமம், ரசம், அவ்வளவுதான். தாயுமானவரிடமும் வள்ளலாரிடமும் அது உயர்ந்த சொல், மறுக்கவில்லை. இன்றைக்கு "சமரசமாப் போங்கப்பா" என்றால், அடி வாங்கினவன் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று அர்த்தம். கொள்கையில் சமரசம் செய்துகொண்டார் என்றால் கொள்கையை விட்டுவிட்டார். "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று புறநானூறு 192இல் பாடியவர் எதை விட்டுக்கொடுத்தார்?

சரி, நல்லிணக்கம்? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995இல் சட்டம் இயற்றி, டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைத்த ஆணையத்தை 'உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்' என்று எழுதுகிறார்கள். ('உண்மையும்' என்று உம் போட்டால் என்ன குறைந்துவிடும்? இந்த 'மற்றும்' தமிழையே அரித்துவிட்டது.) நல்லிணக்கம் சண்டையே போடாதவர்களுக்கும் பொருந்தும். கொடுமை செய்தவரும் பட்டவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, நடந்ததை வாய்விட்டுச் சொல்லி, மறுபடி சேர்வது அதில் இல்லை.

அதற்கு ஒப்புரவு இருக்கிறது. ஒப்பு என்பதிலிருந்து வந்தது. பங்காளிகள் பகை தீர்ந்து ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கிறார்களே, அதுதான். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்று தமிழ் பைபிளில் வருவதால் அது சர்ச் சொல் என்று ஒரு நண்பர் ஒதுக்கினார். குறளின் 22ஆம் அதிகாரத்துக்குப் பெயரே ஒப்புரவறிதல் ஐயா! அங்கே பொருள் கொஞ்சம் வேறு, ஊருக்குச் செய்ய வேண்டியதை அறிந்து செய்வது. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமை நீர் நிறைந்த ஊருணி. செட்டிநாட்டில் ஊருணிக்கு விளக்கம் வேண்டாம். ஊரே இறங்கி அள்ளினால்தான் ஊருணி, ஒரு தெருவை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னால் அது வெறும் குளம். சமூக நீதியும் பகை தீர்தலும் இப்படி ஒரே சொல்லில் கூடி நிற்கும்போது வேறு சொல் எதற்கு?

மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தைத் தமிழில் 'மண்ணியல் சிறுதேர்' ஆக்கிய பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்ததும் அதே மகிபாலன்பட்டி. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லோடு நிற்காமல் அவரைப்போல் கொஞ்சம் தேடுங்கள். அடுத்த விழா அழைப்பிதழிலாவது 'ஒப்புரவுக் கவிஞர்' என்று அச்சிடுங்கள்.