ஆர்செட்டி: சோறு போட்டுத் தொழில் கற்றுத்தரும் வங்கிப் பயிற்சி

"இலவச தையல் பயிற்சி. உணவு, தங்குமிடம் இலவசம்" என்று ஊராட்சி அலுவலகச் சுவரிலோ ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ ஓர் அறிவிப்பு வந்தால் பாதிப் பேர் நம்புவதில்லை. காசு வாங்காமல் யார் சொல்லித்தருவார்கள், கடைசி நாளில் மெஷினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று ஒரு சந்தேகம். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் அறிவிப்பில் ஓர் அரசு வங்கியின் பெயரும், கூடவே 'ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம்' என்றும் இருந்தால் அது வேறு விஷயம். பேச்சு வழக்கில் ஆர்செட்டி. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், பெரும்பாலும் அந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்தின் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) நடத்துவது. சேலம், கடலூர் பக்கம் இந்தியன் வங்கி; கோவை, ஈரோடு பக்கம் கனரா வங்கி; தஞ்சாவூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி.

வங்கிக்கு எதற்கு இந்த வேலை? பதில் 1982-இல் இருக்கிறது. கர்நாடகத்தின் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா கோயிலின் தர்மாதிகாரி, அதாவது கோயில் நிர்வாகத் தலைவர், வீரேந்திர ஹெக்கடேயின் முயற்சியில், சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து 'ருட்செட்டி' என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. கிராமத்துக் குடும்பங்களுக்கு மாடு வாங்கவும் கடை வைக்கவும் வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மாட்டுக்குக் கடன் கிடைத்தது. மாட்டைப் பராமரிக்கவும் பால் கணக்கு எழுதவும் கற்றுத்தர ஆள் இல்லை. முதலில் தொழில், அப்புறம் கடன் என்று வரிசையை மாற்றியதுதான் ருட்செட்டி செய்த காரியம். அது கைகொடுத்ததால், 2009-இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதையே நாடு முழுக்கக் கொண்டுபோனது. மாநில அரசு இடம் தரும். கட்டடத்துக்கு ஒன்றிய அரசு உதவும். அன்றாட நிர்வாகம் வங்கியுடையது. ஊரக ஏழைக் குடும்பத்தினரின் பயிற்சிச் செலவை அமைச்சகம் வங்கிக்குத் திருப்பித் தந்துவிடும். அதனால்தான் உங்களிடம் கட்டணம் இல்லை. "பதிவுக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

யார் சேரலாம்? கிராமத்தில் வசிக்கும், தொழில் தொடங்க நினைக்கும் ஆணும் பெண்ணும். வயது பொதுவாக 18 முதல் 45 என்று போடுவார்கள். அந்த எல்லையை ஒட்டி இருப்பவர்கள் அந்தந்த அறிவிப்பில் உள்ள உச்ச வயதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால் பல பயிற்சிகளுக்குப் போதும். ஒரு பிரிவில் 25 முதல் 35 பேர். அதில் பெரும்பகுதி ஏழைக் குடும்பத்தினராக இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் இதற்கு நூறு நாள் வேலை அட்டை அல்லது மகளிர் குழுவில் வீட்டில் யாராவது உறுப்பினர் என்பதற்கான ஆதாரம் கைகொடுக்கும். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், கல்விச் சான்று இருந்தால் அது, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து. இவற்றின் நகலை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டால் அறிவிப்பு வந்த அன்றே போய்விடலாம்.

பால் மாடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு போன்றவை பத்து நாளில் முடியும். தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு, வீட்டு வயரிங் எல்லாம் ஒரு மாத அளவு. நீளமானது 45 நாள். ஒரு மாதத்தில் டெய்லர் ஆகிவிட முடியுமா என்றால், முடியாது. பிளவுஸ் வெட்டத் தெரியும். பத்துப் பேருக்குத் தைத்து நாலு பேரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் கை படியும். ஏற்கெனவே மெஷின் மிதிக்கத் தெரிந்தவர், அப்பாவோடு மோட்டார் கட்டப் போன பையன், வீட்டில் இரண்டு ஆடு வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் இந்தப் பயிற்சி பல மடங்கு பலன் தரும். சும்மா இருப்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி வைக்கலாம் என்று வருபவருக்கு அந்தச் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும்.

முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கு எரிச்சலாக இருக்கும். தையல் கற்க வந்தால் வளையம் எறியச் சொல்கிறார்களே என்று. ஒரு குச்சியை நட்டு வைத்து, எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதை நீங்களே முடிவு செய்யச் சொல்வார்கள். பக்கத்தில் நின்று போட்டால் மதிப்பெண் குறைவு. எட்ட நின்றால் விழாது. தன்னால் எது முடியும் என்று அளந்து நிற்கிறவர்தான் ஜெயிப்பார். கடன் தொகையைத் தீர்மானிப்பதும் இதே கணக்குதான். அப்புறம் காகிதப் படகு விளையாட்டு. காகிதத்தை விலை கொடுத்து 'வாங்கி', குறித்த நேரத்தில் படகு செய்து 'விற்க' வேண்டும்; மடிப்பு சரியில்லாத படகைத் தள்ளிவிடுவார்கள். இருபது படகு செய்யலாம் என்று காகிதம் வாங்கி எட்டு மட்டும் தேறினால் நஷ்டம் எப்படி வருகிறது என்று கை வழியாகப் புரியும். நானே முதலில் இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்தேன். கடை வைத்து மூடியவர்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அவர்களில் பலருக்குத் தொழில் நன்றாகவே தெரியும், விலை போடத்தான் தெரியாது.

நடுவில் ஒரு நாள் சந்தை ஆய்வுக்கு அனுப்புவார்கள். நோட்டோடு கடைத்தெருவுக்குப் போய், துணி எங்கே மலிவு, தையல் கூலி எவ்வளவு, தெருவில் ஏற்கெனவே எத்தனை கடை என்று விசாரித்து வர வேண்டும். அதை வைத்துத்தான் திட்ட அறிக்கை எழுதுவீர்கள். இந்த அறிக்கையைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாதீர்கள். வங்கி மேலாளர் கேட்கப்போகும் கேள்வி எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

சரி, கடன். அதிகம் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். ஆர்செட்டி கடன் தருவதில்லை. விண்ணப்பத்தை உங்கள் ஊர் வங்கிக் கிளைக்கு அனுப்பிவைக்கும், பேசும், அவ்வளவே. முடிவு கிளை மேலாளருடையது. பழைய நகைக் கடன் பாக்கி, தவணை தவறிய குழுக் கடன், மற்றவருக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் அவர் கணினியில் தெரியும். பயிற்சிக்குப் போகும் முன்பே அவற்றைச் சரிசெய்துகொள்வது நல்லது. அதேபோல அவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: 10 லட்சம் ரூபாய் வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தொடக்கத்துக்கு, சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் கடன் திட்டமான முத்ராவின் 'சிசு' பிரிவு பொருத்தம். 50,000 ரூபாய் வரை. அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்'. மானியம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தைக் கேளுங்கள். மானியத் திட்டங்கள் அங்கே தனி. ஆனால் மானியம் கையில் பணமாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், அந்தத் தொகை உங்கள் பேரில் மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நிற்கும்; தொழில் ஓடினால்தான் கடனில் கழியும்.

மாதச் சம்பள வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆர்செட்டி சரிவராது. அதற்கு 2014 செப்டம்பர் 25-இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம் பார்த்துக்கொள்கிறது. வயது 15 முதல் 35. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை பயிற்சி, முடித்தபின் ஒரு நிறுவனத்தில் வேலை. வேலை பெரும்பாலும் வெளியூரில் என்பதை வீட்டில் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்செட்டியில் எனக்குப் பிடித்த பகுதி, அதிகம் பேர் பயன்படுத்தாத பகுதி. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு அவர்கள் உங்களைத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். தொழில் தொடங்கினீர்களா, கடன் வந்ததா, எங்கே நிற்கிறது என்று. பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் தொழிலில் நிலைத்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்த நிலையத்தையே மதிப்பிடுகிறார்கள். ஆகவே கிளையில் விண்ணப்பம் கிடப்பில் இருந்தால் ஆர்செட்டிக்குப் போன் போட்டுச் சொல்வது தொந்தரவு கொடுப்பதல்ல, அது அவர்கள் கணக்கிலும் வரும் வேலை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தையல் முடித்து நாலு மாதம் கிளைக்கு நடந்தார், ஆர்செட்டிக்கு ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "முடிச்சுட்டுப் போனவங்களை யாருங்க கேப்பா" என்றார். சொன்ன பிறகு பயிற்றுநரே கிளைக்கு வந்தார்.

ஒரு சின்ன விஷயம். விசாரிப்பதெல்லாம் பெரும்பாலும் போனில்தான். ரீசார்ஜ் சலுகைக்காக சிம்மை மாற்றுகிற பழக்கம் இருந்தால், புது நம்பரை முதலில் ஆர்செட்டியில் கொடுத்துவிடுங்கள்.