‘தடையற்ற குழாய்’ அல்ல, ‘மூட்டில்லாக் குழாய்’

பந்தயக் காருக்குள் ஓட்டுநரைச் சுற்றி அமைக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜுக்கு எந்த எஃகுக் குழாய் வாங்குவது என்று தமிழில் விளக்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ‘தடையற்ற எஃகுக் குழாய்’ என்று எழுதுகிறார்கள். சீம்லெஸ் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இது தப்பு. ஓட்டுநரின் உயிரைக் காக்கும் ஒரு பொருளைப் பற்றிய தப்பு.

சீம் என்றால் இரண்டு ஓரங்கள் சேரும் இடம். துணி தைப்பதில் பிறந்த சொல், அப்புறம் பலகைக்கும் தகட்டுக்கும் பரவியது. அது இல்லாதது சீம்லெஸ். வேர் இவ்வளவுதான்.

‘தடையற்ற’ எங்கிருந்து வந்தது? மென்பொருள் விளம்பரத்தில் ‘சீம்லெஸ் அனுபவம்’ என்று வரும். அங்கே அது ஓரளவு பொருந்தும். அதையே தூக்கிக் குழாயின் மேல் ஒட்டிவிட்டார்கள். தடையற்ற குழாய் என்று படித்தால் நமக்கு என்ன தோன்றும்? அடைப்பில்லாமல் தண்ணீர் போகிற குழாய். ரோல் கேஜுக்குள் எதுவும் ஓடுவதில்லை. கார் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதுதான் அதன் வேலை. குழாயின் சுவரில் ஒட்டு உண்டா என்பதே அங்கே கேள்வி. இந்தச் சொல் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது. பொருளைக் கண்ணால் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பு எல்லாத் துறையிலும் இதைத்தான் செய்கிறது.

உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவைப் பாருங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்குச் சூடாக்காமல் இழுத்த சீம்லெஸ் கார்பன் எஃகு வேண்டும். விட்டம் 45 மி.மீ., சுவர் 2.5 மி.மீ., அல்லது 50க்கு 2.0, இழுவலிமை சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன். விட்டமும் தடிமனும் சரியாக இருந்து, குழாய் மட்டும் ஒட்டுப் போட்டதாக இருந்தால் விதி மீறப்பட்டுவிட்டது. ‘தடையற்ற’ என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகும் மாணவருக்கு இது எப்படித் தெரியும்?

‘தையலற்ற’ என்பவர்கள் தேவலை, பொருளையாவது தொட்டிருக்கிறார்கள். ஆனால் தமிழில் தையல் ஊசியையும் நூலையும் விட்டு விலகவில்லை. ‘இணைப்பற்ற’ என்பதும் ஆகாது: கேஜில் குழாயும் குழாயும் சேரும் இடத்துக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

‘மூட்டில்லாக் குழாய்’ என்பதே என் தேர்வு. புதுக் கைலியை மூட்டித்தானே கட்டுகிறோம்? விரிந்து கிடக்கும் துணியின் இரு ஓரங்களைச் சேர்த்தால் மூட்டுவது. ஈஆர்டபிள்யூ எனப்படும் ஒட்டுக் குழாயும் அப்படித்தான்: நீளமான தகட்டை வளைத்து, ஓரங்களை மின்சாரத்தால் சூடாக்கி, அழுத்திச் சேர்க்கிறார்கள். உள்ளே ஒட்டின் பிதுக்கத்தைச் சீவி எடுக்காத குழாயாக இருந்தால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மூட்டு. சீம்லெஸ் குழாயோ, பழுக்கக் காய்ச்சிய கெட்டி எஃகுத் தண்டை நடுவே துளைத்துச் செய்வது. ஜெர்மனியின் மானஸ்மான் சகோதரர்கள் 1880களில் கண்ட வழி. அதில் சேர்ப்பதற்கு ஓரமே கிடையாது.

மூட்டு என்றால் முழங்கால் வலிதான் நினைவுக்கு வரும் என்று சிலர் மறுக்கலாம். குழாய்க்குப் பக்கத்தில் வரும்போது அந்தக் குழப்பம் வராது.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் டிஓஎம் (ட்ரான் ஓவர் மாண்ட்ரல்) என்னும் குழாயும் தெளிவாகும். டிஓஎம்மைச் சீம்லெஸ் என்றே பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அது மூட்டிய குழாயில்தான் தொடங்குகிறது. உள்ளே ஒரு கோலை வைத்து, அச்சுத் துளையின் வழியே சூடாக்காமல் இழுக்கிறார்கள். மூட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைந்து, சுவரும் சீராகிறது. நல்ல குழாய்தான். அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான எஸ்சிசிஏ சீம்லெஸ், டிஓஎம் இரண்டையும் ஏற்கிறது. எஃப்ஐஏ விதியின் வாசகமோ சீம்லெஸ் என்றுதான் கேட்கிறது. அதனால் டிஓஎம்மை ‘மூட்டி இழுத்த குழாய்’ என்று எழுதுங்கள். கடையில் கேட்கும்போது சீம்லெஸ், டிஓஎம் என்றே கேளுங்கள். பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.