டெமோவில் ஓடும் சைக்கிளும் நம் பட்டறைப் பம்பும்

கொள்முதல், ஸ்டாக், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்தான் ஈஆர்பி. அது இணையம் வழியாக வெளியில் இருக்கும் சர்வரில் ஓடினால் கிளவுட் ஈஆர்பி. அதை விற்க வருபவரின் லேப்டாப்பில் ஒரு மாதிரிக் கம்பெனி இருக்கும். பெரும்பாலும் சைக்கிள் செய்யும் கம்பெனி. ஃபிரேம் ஒன்று, சக்கரம் இரண்டு, சீட் ஒன்று. ஆர்டர் போட்டதும் ஸ்டாக் குறையும், பில் வரும், லாரி கிளம்பும். அந்தக் கம்பெனியில் எதுவும் ரிஜெக்ட் ஆகாது, எந்த சப்ளையரும் போனை எடுக்காமல் இருக்க மாட்டார். கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) செய்யும் ஒரு யூனிட்டுக்காக இப்படி நான்கைந்து டெமோக்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாமே அழகாக ஓடின. ஆனால் ஓடியதெல்லாம் அவர்கள் சைக்கிள். நம் பம்பை யாரும் ஓட்டிக் காட்டவில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே நடக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அதன் பெயர் எம்ஆர்பி. பாக்கெட்டில் அச்சடிக்கிற விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது மெட்டீரியல் ரிக்வயர்மென்ட்ஸ் பிளானிங், அதாவது எந்தப் பொருள் எவ்வளவு, எப்போது வேண்டும் என்று போடும் திட்டம். 1960-களில் ஐபிஎம்மில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் இதற்கு உருவம் கொடுத்தார்கள். பிறகு கொள்முதல், விற்பனை, கணக்குவழக்கு எல்லாம் இதோடு ஒட்டிக்கொள்ள, 1990-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் அந்த மொத்த மூட்டைக்கும் ஈஆர்பி என்று பெயர் வைத்தது.

கணக்கு இப்படிப் போகும். 100 பம்புக்கு ஆர்டர். பம்புக்கு ஒரு இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), ஆக 100 வேண்டும். ஸ்டோரில் 40 இருக்கிறது. அதில் 30 வேறொரு ஆர்டருக்கு ஒதுக்கியாகிவிட்டது. கையில் மிச்சம் 10, தேவை 90. மெஷினிங்கில் நூற்றுக்கு 5 ரிஜெக்ட் ஆகுமென்றால் 95 வாங்க வேண்டும். பவுண்டரிக்காரர் (வார்ப்பாலைக்காரர்) ஐம்பது ஐம்பதாகத்தான் வார்த்துக் கொடுப்பாரென்றால் அது 100 ஆகிவிடும். அப்புறம் தேதி. டெலிவரி 30-ம் தேதி. அசெம்பிளிக்கு 2 நாள், மெஷினிங்குக்கு 3 நாள், வார்ப்புக்கு 12 நாள். பின்னாலிருந்து எண்ணி வந்தால் பவுண்டரிக்கு 13-ம் தேதியே ஆர்டர் போயிருக்க வேண்டும். ஷாஃப்ட், செப்புக் கம்பி, ஸ்டாம்பிங், சீல் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கழித்தலும் பின்னோக்கி எண்ணுவதும்தான். இதில் மாயம் எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான பொருளுக்குச் சில நிமிடங்களில் சலிக்காமல் செய்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு சுலபம். உள்ளே போகும் எண்தான் வம்பு. ஒரு பம்புக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் பிஓஎம் பட்டியலில் ஒரு பம்புக்கு வைண்டிங் கம்பி 1.2 கிலோ என்று இருக்கும். வைண்டிங் டேபிளில் நின்று எடை போட்டால் 1.26 கிலோ போகும். மாதம் 1,000 பம்பு என்றால் 60 கிலோ செம்பு கணக்கில் இருக்கும், ரேக்கில் இருக்காது. ஆகவே டெமோவுக்கு வருபவரிடம் நம்முடைய ஒரு பம்பின் பிஓஎம்மைக் கொடுத்து, வைத்த கணக்குக்கும் உண்மையில் எடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் திரையில் காட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். அடுத்தது காஸ்டிங், அதாவது பவுண்டரியில் வார்த்த பாகம். பவுண்டரி கிலோவில் பில் போடுகிறது, ஸ்டோர் எண்ணிக்கையில் வாங்கி வைக்கிறது, ஒவ்வொரு காஸ்டிங்கும் நூறு கிராம் கூடக் குறைய இருக்கும். ஒரே பொருளை இரண்டு அளவிலும் வைத்துக்கொள்ளத் தெரியாத மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். "ஒரு காஸ்டிங் சராசரி 8 கிலோ என்று போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள். சராசரி போட்டால் ஆண்டுக்கடைசியில் ஸ்டாக் சராசரியாகத்தான் இருக்கும்.

ஜாப் ஒர்க்கையும், அதாவது நம் பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவதையும், கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும். காஸ்டிங் வெளியே லேத்துக்குப் போகும், ஷாஃப்ட் கிரைண்டிங்குக்குப் போகும். பொருள் நம்முடையது, இருக்கிற இடம் அடுத்தவருடையது. ஜிஎஸ்டி சட்டப்படி இப்படிப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகிவிடும். ஒரே டிசியில் (டெலிவரி சலானில்) 200 அனுப்பி, மூன்று தவணையில் 194 திரும்பி வந்து, 4 ரிஜெக்ட், 2 எங்கே என்று தெரியவில்லை என்ற நிலையை உள்ளே ஏற்றச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில் டீ கேட்பார்கள்.

சரி, கிளவுட் எங்கே வருகிறது? மதுரை குடோனிலும் கோவையிலும் இருக்கிற இரண்டு விற்பனையாளர்கள் கடைசிப் பத்து பம்பை ஒரே நொடியில் புக் செய்கிறார்கள். எக்செல் ஆளுக்கொரு காப்பி என்றால் இருவருக்கும் பத்து உண்டு. கிளவுடில் எல்லாரும் தொடுவது ஒரே தரவுத்தளத்தை. முதலில் வந்தவருக்காக அந்த ஸ்டாக் பதிவை அது பூட்டிக்கொள்ளும். ஒதுக்கி முடித்த பிறகே இரண்டாமவரின் கோரிக்கையைப் பார்க்கும், அவருக்குப் பூஜ்யம் என்று சொல்லும். இதைச் சோதிக்க இரண்டு போன் போதும். ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டு இருவரும் ஒன்றாக அழுத்துங்கள். ஸ்டாக் மைனஸ் 10 என்று வந்தால் லேப்டாப்பை மூடிவிடலாம்.

கிளவுட் ஈஆர்பி பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம். பல கம்பெனிகள் ஒரே மென்பொருளில் இருக்கும். எந்தப் பதிவு யாருடையது என்று ஒரு அடையாள எண் பிரித்து வைக்கும். கிணறும் முற்றமும் பொது, பூட்டு தனித்தனி. இதனால்தான் விலை கட்டுப்படியாகிறது, சட்டம் மாறினால் எல்லாருக்கும் ஒரே இரவில் அப்டேட் வருகிறது. அதே காரணத்தால்தான் நம் இஷ்டத்துக்குச் சுவரை இடிக்க முடியாது. இடித்துக் கட்டுவது எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் கடைகள் உதாரணம். சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தங்கள் பழக்கத்துக்கு ஏற்ப எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளை வளைத்துப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளும் சுமார் 50 கோடி யூரோவும் போன பிறகு 2018-ல் கைவிட்டார்கள்.

ஆரம்பிக்கும் தேதியும் முக்கியம். அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி மூன்று புதிய மென்பொருட்களை 1999 கோடையில் ஒன்றாக ஓடவிட்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் அக்டோபர் மாத ஹாலோவீனுக்கு ஆர்டர்கள் குவிகிற நேரம் அது. சாக்லேட் செய்து தயாராக இருந்தது, கடைகளுக்குத்தான் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் நிறைவேறாமல் போனது. இங்கே பம்புக்காரர்கள், பம்பு விற்பனை சூடுபிடிக்கும் கோடையில் ஆரம்பிக்காமல் இருந்தால் நல்லது.

ஒப்பந்தத்தில் மென்பொருள் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று எழுதியிருப்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் விடுபட்ட 0.1 சதவீதம் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். அது ஞாயிறு இரவாக வந்தால் யாருக்கும் தெரியாது. மார்ச் 31 சாயங்காலம் வந்தால் தெரியும். பராமரிப்புக்கு நிறுத்தும் நேரம் இந்தக் கணக்கில் சேருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். நம் கம்பெனிச் சட்ட விதிகளையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இருந்தாக வேண்டும், அதை யாரும் அணைக்க முடியக்கூடாது. கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் விழ வேண்டும்.

கடைசியாக நான் கேட்பது, விட்டுப் போகிற நாளைப் பற்றி. மூன்று ஆண்டு கழித்து நாங்கள் கிளம்பினால் எங்கள் டேட்டாவை எப்படித் தருவீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். "எல்லாமே எடுத்துக்கலாம் சார்" என்றார். இப்போதே ஒரு பிஓஎம்மை எடுத்துக் காட்டச் சொன்னேன். பதினோரு பக்கம் பிடிஎஃப் வந்தது, ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் லோகோவோடு.